செத்த சல்லி என்று நான் எழுதிய இடம்

தம்பி,

உன் கடிதம் போன வாரம் வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் வந்தது. இவ்விடம் யாவரும் நலம் என்று தொடங்க வேண்டும். என் இடது முழங்காலையும் என் சுபாவத்தையும் தவிர மற்றதெல்லாம் நலம். கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உன் பங்களாவின் தகரக் கூரையில் குரங்குகள் ஓடுவதையும், மழைக்குப் பிறகு மூங்கில் காடு தானாக முனகுவதையும் நீ எழுதியிருந்த மூன்று பக்கங்களை, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். நாலாவது பக்கத்தை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "நாலாம் பக்கத்துல என்ன?" என்றாள். "ஆபீஸ் விசயம்" என்றேன். "ஒங்க ஆபீசா, அவன் ஆபீசா?" என்றாள். இரண்டும் என்பதுதான் சரியான பதில். அதைச் சொல்ல எனக்கு எட்டு நாள் பிடித்தது.

அந்தப் பக்கத்தில் இருந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். உன் காட்டில் யாரும் எதையும் சுடக் கூடாது என்பது சட்டம். ஒரு யானையைச் சுட வேண்டுமானால் அது மனிதரைக் கொல்லும் யானை என்று கலெக்டர் அறிவிக்க வேண்டும். கலெக்டர் அறிவிக்க, அந்தச் சரகத்து ரேஞ்சர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ரேஞ்சர் நீ. தை மாதம் காட்டோரத்தில் விறகு பொறுக்கப் போன ஒருவரை யானை மிதித்துக் கொன்றுவிட்டது. உன் மேலதிகாரியின் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் ஒரு துரை, ஊருக்குக் கப்பலேறுமுன் ஒரு பெரிய கொம்பனைச் சுட்டுத் தந்தத்தோடு போக ஆசைப்படுகிறார். மிதித்தது அந்தக் கொம்பன்தான் என்று இந்த மாசி முடிவதற்குள் நீ எழுதித் தர வேண்டும் என்கிறார் அதிகாரி. உனக்குத் தடம் பார்த்துச் சொல்லும் குறும்பர் மாதனோ, அது கொம்பன் கால் இல்லை, சின்னக் கால் என்கிறார். என்ன செய்வது என்று என்னைக் கேட்டுவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருக்கிறாய்: "உங்கள் சூப்பிரண்டு அந்தப் பாருக்குச் செய்ததையே இவர் இந்த யானைக்குச் செய்யச் சொல்கிறார். நீங்கள் சொல்லி வளர்த்த கதைதான் அப்பா இது." நான் பையில் வைத்து மறைத்தது துரையையும் யானையையும் அல்ல. அந்தக் கடைசி வரியை.

அதற்குள் போகுமுன் எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன. நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனுக்குப் பகையும் ஆர்வமும்தான் மிச்சம், அதில் ஆர்வம் கொஞ்சம் உசத்தியானது. யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டு மடங்காக்கினால் அதன் தோள் உயரம் வரும் என்று போன வருஷம் எழுதியிருந்தாய். நான் அதை நம்பவில்லை. ஐப்பசியில் உன் அம்மாவோடு திருச்செந்தூருக்குப் போனபோது ஒரு கயிற்றை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு போய், ஈர மணலில் கோயில் யானை நடந்த தடத்தைக் குனிந்து அளந்தேன். பாகன் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன அண்ணாச்சி, கொலுசு செஞ்சு போடப் போறியளா?" என்றார். உன் அம்மா என்னைத் தெரியாதவள் போல விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். பாகனின் தயவில் யானையின் உயரத்தையும் அளந்தேன். இரண்டு விரல்கடைதான் வித்தியாசம். அன்று முழுக்க எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன்: சேற்றில் பதிந்த தடம் விரிந்துவிடாதா? அந்த விறகுக்காரர் விழுந்த இடத்தில் மண் எப்படி, ஈரமா, காய்ந்ததா? மனிதரில் இடதுகைக்காரர் இருப்பது போல யானையிலும் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு கொம்பைத்தான் அதிகம் உபயோகிக்கும், அந்தக் கொம்பு தேய்ந்திருக்கும் என்று எங்கள் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் ஒரு பழைய புத்தகம் சொல்கிறது. உன் கொம்பன் எந்தப் பக்கத்துக்காரன்?

அதே புத்தகத்தில் இன்னொன்றும் படித்தேன். நம் கடலில் புல் மேய்கிற கடல்பசு திமிங்கிலத்துக்கு உறவில்லையாம், யானைக்குத்தான் தூரத்துச் சொந்தமாம். நம்ப முடிகிறதா? ஆனால் ஒரு முறை கரை ஒதுங்கிய ஒன்றை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். யானைக்கு முன்னங்கால்களுக்கு நடுவே இருப்பது போல, அதற்கும் மடி நெஞ்சில்தான் இருக்கிறது. ஆணுக்கு உதட்டுக்குள் இரண்டு சின்னத் தந்தம்கூட உண்டு. கூட நின்ற சவரிமுத்துவிடம் இதைச் சொன்னேன். சவரிமுத்துவை நீ மறந்திருக்க மாட்டாய். எங்கள் ஆபீஸுக்குக் கடலில் முங்கிப் பார்த்துச் சொல்கிறவர், உனக்கு நீந்தக் கற்றுக் கொடுத்தவர். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பம் தும்பிக்கை எங்கன போச்சு?" என்றார். பிறகு அவரே, "கடல்லயே கெடந்து குளிச்சிக்கிட்டு இருக்கு, பெறவு தும்பிக்கை என்னத்துக்கு" என்று முடித்துக்கொண்டார். புத்தகத்திலும் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருக்கிறது, பத்துப் பக்கத்தில்.

இனி அந்தக் கதை. நீ வீட்டில் கேட்டு வளர்ந்தது அதன் பாதி. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை நீ விரும்பினால் மாதனுக்கும், வேண்டுமானால் உன் அதிகாரிக்கும்கூட வாசித்துக் காட்டலாம்.

ஊரில் எங்களுடையதைக் கடலாபீஸ் என்பார்கள். முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைகளைப் பார் என்போம். ஒவ்வொரு பாரையும் வருஷக்கணக்கில் மூடி வைப்பது வழக்கம். குஞ்சுச் சிப்பி முதிரும் வரை யாரும் அங்கே இறங்கக் கூடாது, கல் எடுக்கக் கூடாது. காவலுக்கு ஒரு படகு சுற்றும். உன் காட்டைக் காப்பது போலத்தான், ஒரு வித்தியாசம்: உனக்கு ஆறோ மலையோ எல்லையாக இருக்கிறது, எங்களுக்குத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் மில்லின் புகைபோக்கி வந்து நிற்க வேண்டும்; அதே சமயம் இந்தப் பக்கம் தீவின் ஒற்றைப் பனையும் லைட்டவுசும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். அந்த இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். அதை நோட்டில் எழுதி வைப்போம். கடலில் வேலி என்று ஒன்று உண்டென்றால் அது நோட்டில் இருக்கும் அந்த இரண்டு வரிதான்.

வருஷத்துக்கு ஒரு முறை வள்ளத்தில் போய் ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம். சவரிமுத்து காலைக் கல்லில் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். மேலே வந்து மூச்சு வாங்கிய பிறகு கீழே கண்டதைச் சொல்வார், நான் எழுதுவேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு முங்கத் தெரியாது. பி.ஏ.யில் இயற்கை சாஸ்திரம் படித்தவன், மார்பளவுத் தண்ணீரைத் தாண்டியதில்லை. அடியில் கண்ணாடி பதித்த ஒரு பெட்டியைத் தண்ணீரில் அழுத்திப் பார்ப்பதுதான் என் சாமர்த்தியம். ஆக, கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாயில் பிறந்து என் பேனாவில் வந்தது.

யுத்தத்துக்கு முன்னால், நீ மூன்றாம் பாரம் படித்த வருஷம், தீவுக்குக் கிழக்கே யாரும் பார்த்திராத ஓர் இடத்தில் அவர் இறங்கினார். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணாச்சி, பெட்டிய வச்சுப் பாருங்க" என்றார். பார்த்தேன். மான் கொம்புகளை ஆயிரக்கணக்கில் நட்டு வைத்தது போல ஒரு பவளக் காடு, மூன்று ஆள் ஆழத்தில், வெயில் அதன்மேல் அசைந்துகொண்டே இருந்தது. கொம்பு நுனிகள் இளநீலம். நடுவே தேர்ச்சக்கரம் போல உருண்டையான பவளங்கள். இடுக்கெல்லாம் விரல்நகம் அளவில் சிப்பிக் குஞ்சுகள், ஒட்டிக்கொண்டு. பச்சையும் சிவப்புமாகக் கிளிமீன்கள் கூட்டமாக வந்து பவளத்தைக் கடித்து, வெள்ளை மணலாகக் கழித்துக்கொண்டே போயின. நம் கடற்கரை மணலில் பாதி அப்படி வந்ததோ என்று அன்று தோன்றியது. இன்னும் அதற்குச் சரியான விடை தெரியவில்லை. "கீழ இருந்தா சத்தம் கேக்கும்" என்றார் சவரிமுத்து. "கல்யாண வீட்டுல எல்லாரும் சேந்து முறுக்குக் கடிக்காப்புல இருக்கு." நான் அந்தப் பெட்டியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு மணி நேரம் யார்மேலும் கோபமில்லாமல் இருந்தது அன்றுதான்.

கோபத்தின் காரணத்தை நீ அறிவாய். ஆறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, எல்லாப் பார்களையும் நான் ஒரு படமாக வரைந்திருந்தேன். ஒரே ஒரு வாரம் பார்த்துத் தருவதாக வாங்கிய சூப்பிரண்டு, அதன் மூலையில் தன் பெயரை எழுதி மேலே அனுப்பிவிட்டார். அவருக்குப் பாராட்டு வந்தது. எனக்கு மைக்கூட்டை இனி நீளமான மேசையில் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. இந்த மட்டும் நான் சொன்னது உண்மை. அதை இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

இனி வருவது நீ கேட்டிராத பாதி. அன்று அந்தப் பவளக் காட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வேறோர் இடத்தையும் பார்த்திருந்தோம். அங்கே வெறும் சல்லிதான். பவளம் செத்து உடைந்து கிடப்பதை நம் பக்கம் சல்லி என்பார்கள், உனக்குத் தெரியும். நோட்டில் இரண்டு இடங்களும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும். கரைக்கு வரும்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இதையும் அவர் தன் பெயரில் அனுப்புவார். அனுப்பட்டும், சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வரும்போது அங்கே சல்லி கிடக்கட்டும், எல்லோர் முன்னாலும் அவர் முகம் போகும் போக்கைப் பார்ப்போம். அவர் மாற்றலாகிப் போன பிறகு உண்மையான இடத்தை நான் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அடையாளங்களை மாற்றி எழுதினேன். சல்லி இருந்த இடத்தில் உயிருள்ள பார் என்று. பவளக் காடு இருந்த இடத்தில் "செத்த சல்லி" என்று. சவரிமுத்து எதிரே உட்கார்ந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "எழுதிட்டியளா அண்ணாச்சி?" என்றார். "எழுதிட்டேன்" என்றேன். நான் எழுதியதை அவரால் வாசிக்க முடியாது என்ற தைரியம் அது. அதைவிடக் கீழான ஒன்றை நான் செய்ததில்லை.

பெரிய அதிகாரி வரவே இல்லை. வந்தவர்கள் சுண்ணாம்புக் காளவாசல்காரர்கள். கடல் கல்லைச் சுட்டால்தானே சுண்ணாம்பு. ஊரெங்கும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. செத்த கல் எங்கே இருக்கிறதோ அங்கே வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். சூப்பிரண்டு நோட்டைத் திறந்து பார்த்தார். உயிருள்ள பாரை விட்டுவிட்டு, செத்த சல்லி என்று நான் எழுதியிருந்த இடத்துக்கு அனுமதி கொடுத்தார். தம்பி, அவர் அதில் ஒரு தப்பும் செய்யவில்லை. என் கையெழுத்தை நம்பினார், அவ்வளவுதான். தாள் என் மேசைக்கு நகலெடுக்க வந்தது. அன்று நான் வாயைத் திறந்திருக்கலாம். மறுநாளும் திறந்திருக்கலாம். வள்ளங்கள் கடப்பாரைகளோடு போவதற்குப் பதினைந்து நாள் இருந்தன. ஒவ்வொரு நாளும் அவருக்கு எதிரே போய் நின்று, நான் பொய் எழுதினேன் என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தின் மூலையில் இருந்த அவர் பெயர் என் கண்முன் வந்தது.

கல் வந்து கரையில் குவிந்தது. நான்காம் நாள் அந்தக் குவியல் நாற ஆரம்பித்தது. சவரிமுத்து என்னைத் தேடி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். "செத்த கல்லு நாறுமா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நான் சரியாத்தான் எழுதினேன். சூப்பிரண்டு மாத்திட்டார். காளவாசல்காரங்க அவரைக் கவனிச்சுட்டாங்க போல." அதை அன்று மத்தியானம் உன் அம்மாவிடமும் சொன்னேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பிறகு ஒன்பது வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்லக் கதைக்குக் கை கால் முளைத்தது. அவர் வீட்டு மதில் சுவரில் கரியால் "பாறைத் திருடன்" என்று நீ எழுதிவிட்டு வந்தது நினைவிருக்கிறதா? உன் அம்மா அகப்பைக் காம்பால் அடித்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் உன்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். கடலுக்கு நேர்ந்தது காட்டுக்கு நேரக் கூடாது என்று சொல்லித்தான் நீ இந்தப் படிப்புக்குப் போனாய். நல்ல உத்தியோகம், நல்ல காரணம். அந்தக் காரணத்தை நான் பொய்யில் செய்து கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் சவரிமுத்துவின் வள்ளத்தில் அந்த இடத்துக்குப் போனேன், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக. "இப்பம் என்னத்துக்கு அங்கன?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயை விரித்தார். புகைபோக்கி கோபுரத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. பனை லைட்டவுசோடு சேர்ந்தது. நங்கூரம் போட்டோம். பெட்டியை வைத்துப் பார்த்தேன். குழி குழியாக வெட்டுப்பட்ட தரை. பொக்கை வாய் போல இருந்தது. அங்கேயே, பெட்டியில் முகத்தை வைத்தபடியே, நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் துணிச்சல் இல்லை. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அவர் பாய்க்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்போது வருசம்" என்றார். "மாதா முன்னால முழங்கால் போட்டு அந்த மனுசன நான் ஏசியிருக்கேன். அவரு புள்ளைக்குக் காய்ச்சல்னு கேட்ட அன்னைக்கு, நல்லா வேணும்னு நெனச்சிருக்கேன். இப்பம் பாவமன்னிப்புக்குச் சாமியார்கிட்டப் போயி என்னன்னு சொல்லட்டும்? ஆள் மாறிப்போச்சுன்னா?"

அவர் சட்டையைக் கழற்றினார். அறுபதை நெருங்குகிற மனிதர், வேண்டாம் என்றேன். "நீங்க எழுதினத நம்பிக்கிட்டுப் போவ முடியுமா? நான் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பெட்டி வழியாக அவர் குழிகளுக்கு மேலே மெல்ல நகர்வதைப் பார்த்தேன். இரண்டு முறை மேலே வந்து மறுபடி இறங்கினார். மூன்றாம் முறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "கெழக்கு ஓரத்துல ஒரு துண்டு வெட்டாம நிக்கி" என்றார். "குழிக்குள்ள உள்ளங்கையளவு புதுசு வந்திருக்கு, அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. தெக்க புல்லு வளந்திருக்கு. அதுல கோடு கோடா மேஞ்சிருக்கு. ஒங்க யானைக்குச் சொந்தக்காரன் வந்துட்டுப் போயிருக்கான்." பிறகு தலையைச் சாய்த்துக் காதிலிருந்து தண்ணீரை வடித்தார். "ஒருத்தன் முறுக்குக் கடிக்கான் அண்ணாச்சி. ஒரே ஒருத்தன்."

அந்தக் கிழக்கு ஓரத் துண்டுக்கும் சேர்த்துத்தான் பங்குனியில் காளவாசல்காரர்களின் அனுமதி புதுப்பிக்கப்பட வேண்டும். நோட்டில் அது இன்னும் செத்த சல்லி. ஆகவே திங்கட்கிழமை ஆபீஸுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதினேன். நான் மாற்றி எழுதிய இரண்டு வரிகள் எவை, சரியான அடையாளங்கள் எவை, அங்கே இப்போது என்ன இருக்கிறது, ஏன் மூடி வைக்க வேண்டும், பொய் எழுதியது யார். சவரிமுத்துவைக் கூப்பிட்டு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு இடத்தில் திருத்தினார். புல் நான் எழுதியதைவிடக் கரைக்குக் கிட்டே என்றார். கடைசியில், "கீழ பாத்தது நான்தான, என் பேரையும் போடுங்க" என்றார். இத்தனை வருஷ நோட்டுகளில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டேன். பெருவிரலை மையில் ஒற்றி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு நகலைப் பழைய சூப்பிரண்டுக்கும் தபாலில் சேர்த்துவிட்டேன். பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாராம். கூட ஒரு வரி எழுதினேன்: பார் விஷயத்தில் ஊர் உங்களைப் பேசியதற்கு நானே காரணம். படத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது அவர் எழுத வேண்டியது.

ஆபீஸிலிருந்து இன்னும் பதில் இல்லை. ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கிறது. அதுவரை இருக்க விடுவார்களா தெரியாது. நேற்று நாலாம் பக்கத்தை உன் அம்மாவிடம் கொடுத்து, மீதியையும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் முறத்தில் இருந்த உளுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அகப்பைய எடுத்தது சரிதான்" என்றாள். "ஆள மாத்தி அடிச்சுட்டேன்." அதற்குப் பிறகு இன்று காலை வரை என்னோடு பேச்சு இல்லை. உனக்குக் கருப்பட்டி கட்டி வைத்திருக்கிறாள். எனக்குக் காப்பியில் அது குறைந்திருக்கிறது.

இனி உன் கேள்வி. எழுதாதே, கையெழுத்துப் போடாதே என்று சொல்லத்தான் என் கை துடிக்கிறது. அந்தத் துடிப்பை நான் நம்பவில்லை. அதில் பாதி மேலதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வரும் எரிச்சல். உன் கடிதத்திலும் அந்த எரிச்சலின் வாடை அடிக்கிறது, அது என்னிடமிருந்து வந்தது. அவர் துரைக்காகக் கேட்கிறார் என்பதாலேயே அந்தக் கொம்பன் மிதிக்கவில்லை என்று ஆகிவிடாது. ஒரு மனிதர் செத்திருக்கிறார். அவருக்கும் வீடு இருக்கும், அவர் வீட்டார் மறுபடி விறகுக்கு அதே வழியில்தான் போக வேண்டும். மிதித்தது அந்தக் கொம்பன்தான் என்று தடம் சொன்னால், துரைக்கு அது சந்தோஷமாக இருந்தாலும், நீ அதைத்தான் எழுத வேண்டும். இல்லை என்று சொன்னால், உன் உத்தியோகம் என்ன ஆனாலும் அதைத்தான் எழுத வேண்டும். அதிகாரியைத் தோற்கடிக்க எழுதாதே. நான் அப்படித்தான் எழுதினேன், தோற்றது அவரில்லை.

மாதனைக் கூட்டிக்கொண்டு போ. காய்ந்த மண்ணில் இருக்கும் தடத்தைக் கயிறு போட்டு அள. கொம்பன் இப்போது எங்கே மேய்கிறான் என்று கண்டுபிடித்து, அவன் தடத்தையும் அள. மாதன் சொல்வதில் உனக்குப் புரியாததைத் திரும்பத் திரும்பக் கேள், அவர் அலுத்துக்கொண்டாலும் கேள். ரிப்போர்ட்டை எழுதிய பிறகு அதை அவருக்குத் தெரிந்த பாஷையில் முழுவதும் சொல்லிக் காட்டு. அவர் திருத்தினால் திருத்து. அவர் பெயரையும் போடு.

அதில் என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரிவிக்க வேண்டாம். உன்னை அதைக் கேட்கிற யோக்கியதையை, பொய் எழுதிய அன்றே நான் அந்த வள்ளத்தில் விட்டுவிட்டேன். அடுத்த கடிதத்தில் ஒன்று மட்டும் எழுது. அந்தக் கொம்பனுக்குத் தேய்ந்திருப்பது வலது கொம்பா, இடது கொம்பா? அது தெரிகிற தூரம் வரை நீ போய்ப் பார்த்தாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

உன் அப்பா